வெடித்த அனியூரிசத்தில் காயில்: நுனி பாய்வது எப்படி

மூளை ரத்தக்குழாயின் சுவர் பைபோலப் புடைப்பதுதான் அனியூரிசம்; கேத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக அந்தப் பைக்குள் காயில் என்ற உலோகச் சுருளை இட்டு அடைக்கிறோம். ஃப்ளஷ் லைனில் (கேத்தீட்டருக்குள் உப்புநீர் போகும் குழாய்) காற்றுக்குமிழி, உப்புநீர்ப் பையின் அழுத்தம் இறங்கிப்போவது, இதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

கேத்தீட்டரில் தேங்கிய உந்துவிசை

கையால் 3 செ.மீ. தள்ளுகிறோம்; திரையில் நுனி 1 செ.மீ.தான் நகர்கிறது. மீதி 2 செ.மீ. எங்கே போனது? வளைவுகளில் வெளிச்சுவரை ஒட்டிப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்கும் பெரிய குழாயான கைடு கேத்தீட்டர் கீழே சறுக்கியிருக்கவும் கூடும். நுனியை மட்டும் பெரிதாக்கி வைத்த திரையில் அது தெரியாது. பைக்குள் போய்விட்டோம் என்ற நிம்மதியில் புதியவர் உள்ளே இருக்கும் மெல்லிய வழிகாட்டிக் கம்பியை, அதாவது மைக்ரோவயரை, சரசரவென்று உருவுவார். தேங்கியது அவிழும், நுனி முன்னே பாயும். அங்கே இருப்பதோ ரத்தக்கட்டி அடைத்து நிற்கிற ஓட்டை. சொல்லிக்கொடுத்த மறுநாளே இன்னொருவர் அதையே செய்வதுதான் எரிச்சல்.

நுனி பையின் கழுத்தை, அதாவது அதன் வாயை, தாண்டியதும் நில்லுங்கள். கேத்தீட்டரை மில்லிமீட்டர் கணக்கில், நுனி லேசாக அசையும்வரை பின்னிழுங்கள். அதன் பிறகே வயர். அதுவும் ஃப்ளூரோஸ்கோபி (நேரலை எக்ஸ்-ரே) ஓட, இரண்டு கோணத்திலும் கண் நுனியின் மேல் இருக்க. நுனி முன்னேறினால் வயரை நிறுத்தி, கேத்தீட்டரைத் தளர்த்துங்கள். பையின் நடுப்பகுதி போதும், உச்சியைத் தொட வேண்டாம். காயில் உள்ளே போகும்போதும் விசை மறுபடி சேரும், ஆகவே இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை தளர்த்திப் பாருங்கள்.

துளைத்துவிட்டால்

பதறி இழுக்காதீர்கள். துளையை இப்போது அடைத்திருப்பதே அந்தக் கேத்தீட்டர்தான். தாய்க்குழாயில் (பை முளைத்த ரத்தக்குழாய்) பலூன் இருந்தால் ஊதுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்திருந்தால், உடலில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு 100 யூனிட்டுக்கும் அதை முறிக்கச் சுமார் 1 மி.கி. புரோட்டமின். மயக்கமருந்து மருத்துவரிடம் ரத்த அழுத்தத்தை இறக்கச் சொல்லிவிட்டு, காயில் இடுவதைத் தொடருங்கள். புரோட்டமினைத் தேடி அலமாரியைத் திறக்கும் நேரம் அதுவல்ல. சிரிஞ்சில் முன்பே ஏற்றியிருக்க வேண்டும்.

முதல் காயில்

6×20 என்றால் காயில் வளையத்தின் விட்டம் 6 மி.மீ., நீளம் 20 செ.மீ. வெடித்த பையில் அளவுக்கு மீறிய விறைப்பான காயிலைத் திணிக்காதீர்கள்.

குறிகள்

கேத்தீட்டரின் குறியும் காயிலைத் தள்ளும் தள்ளுகம்பியின் குறியும் திரையில் பொருந்தாமல் காயிலைக் கம்பியிலிருந்து பிரிக்காதீர்கள்.

காயில் நீள்வது

தள்ளுகம்பியை இழுக்கிறீர்கள், திரையில் சுற்றுகள் அசையவில்லை. உடனே நிறுத்துங்கள், காயில் இழுபட்டு நீள்கிறது. இன்னும் இழுத்தால் அறுந்து, வால் தாய்க்குழாயில் ஆடும். கேத்தீட்டரையும் காயிலையும் ஒன்றாகச் சிறிது பின்னே எடுத்து, சிக்கிய கோணத்தை மாற்றிப் பாருங்கள்.

கடைசி காயில்

கேத்தீட்டர் பையை விட்டு உதைத்து வெளியேறுகிறதா? அந்தக் காயில் வேண்டாம்.