கள்ளுஷாப்பில் உட்காரத் தெரிந்தால் பீர் ஹாலிலும் உட்காரலாம்

எங்கள் ஊர் கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை. பொள்ளாச்சிக்காரர்கள் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி வந்து கள்ளு குடித்துவிட்டுப் போகிற பக்கம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தபோது ஒன்பது மாதம் ஜெர்மனியில் நூரம்பெர்க்குக்கு அனுப்பினார்கள். முதல் வாரம் பீர் ஹால் வாசல் வரைக்கும் போய், கூச்சப்பட்டு இரண்டு தடவை திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவை உள்ளே போய்ப் பார்த்தால் நீள பெஞ்சு, நீள மேசை, தோள் இடிக்கிற கூட்டம், ஒரே சத்தம். நம்ம கள்ளுஷாப்புதான், கூரை மட்டும் உயரம். இப்போது தங்கை மகன் முனிச்சுக்குப் படிக்கப் போகிறான். அவனுக்குச் சொன்னதுதான் இது.

யாராவது வந்து உட்கார வைப்பார்கள் என்று நிற்க வேண்டாம். காலி இடம் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" என்று கேளுங்கள். இந்த இடம் காலியா என்று அர்த்தம். தலையாட்டினால் உட்காரலாம். ஆனால் மேசை மேல் "ஸ்டாம்டிஷ்" என்று பலகை இருந்தால் ஊரே காலியாகக் கிடந்தாலும் அங்கே உட்காராதீர்கள். அது தினமும் வருகிற பெரிசுகளின் இடம். எங்கள் ஷாப்பிலும் மூலை பெஞ்சு மரமேறிகளுக்குத்தான், பலகை மட்டும் கிடையாது.

பீர் சொல்லும்போது அளவைப் பாருங்கள். முனிச்சில் "மாஸ்" என்றால் முழு ஒரு லிட்டர். முதல் நாளே வேண்டாம், அரை லிட்டர் போதும். ஹெல்லஸ் என்கிற மஞ்சள் பீரில் தொடங்கலாம், கசப்பு குறைவு. டோப்பல்பாக் வகை 7 சதவீதத்துக்கு மேல் போகும், நடந்து வீடு போகிறவர்கள் மட்டும் தொடுங்கள். பாதி பீரும் பாதி லெமன் சோடாவும் கலந்த ராட்லர் உண்டு. குடிக்காதவர்கள் ஆப்பிள் ஜூஸும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே கேட்கலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். கிளாஸில் ஒரு கோடு இருக்கும். பீர் கோடு வரை, நுரை அதற்கு மேலே. குறைந்தால் தைரியமாகக் கேட்கலாம்.

1516-ல் முனிச் இருக்கிற பவேரியாவில் போட்ட சட்டம் பீருக்கு பார்லி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, தண்ணீர் மூன்றைத்தான் அனுமதித்தது, புளிக்க வைக்கிற ஈஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை. என் கூட வந்த எஞ்சினியர் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கள்ளுக்கு யார் ஈஸ்ட் போடுகிறார்கள்?

முதல் வாய்க்கு முன்னால் எல்லோருடனும் கிளாஸை இடித்து "ப்ரோஸ்ட்" சொல்ல வேண்டும். சொல்லும்போது எதிராளி கண்ணைப் பார்க்க வேண்டும். நான் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்து திட்டு வாங்கினேன்.

சரி, சாஸேஜ். நூரம்பெர்க் சாஸேஜ் விரல் நீளம்தான், 7 முதல் 9 சென்டிமீட்டர். ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று எண்ணிக் கேட்க வேண்டும். புளித்த முட்டைக்கோஸும், மூக்கில் ஏறுகிற ஹார்ஸ்ராடிஷ் துருவலும் கூட வரும். அந்தத் துருவல் இல்லாவிட்டால் ஒன்பது மாதம் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். தெருவில் வாங்கினால் ஒரு பன்னுக்குள் மூன்று வைத்துத் தருவார்கள், அதுவே எனக்கு அதிகம் பிடித்தது. முனிச்சில் வைஸ்வுர்ஸ்ட் என்று வெள்ளையாக ஒன்று, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு மேசைக்கு வரும். தோலை உரித்துவிட்டு இனிப்புக் கடுகு விழுதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். காலைப் பலகாரம் அது. பன்னிரண்டு மணி அடிப்பதை அந்த சாஸேஜ் கேட்கக்கூடாது என்பது அங்கே பழைய பேச்சு. மதியம் இரண்டு மணிக்குக் கேட்டால் சப்ளையர் சிரிப்பார்.

பெரும்பாலும் பன்றிதான், அதனால் வேண்டாதவர்கள் கேட்டுவிட்டே சொல்லுங்கள். சைவத்துக்காரர்கள் முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கு சாலட்டையும் நம்பக்கூடாது. முன்னதில் பன்றிக்கொழுப்பு, பின்னதில் கறிச்சாறு இருக்கலாம். முட்டை சேர்ந்தால் பரவாயில்லை என்றால் சீஸ் போட்ட கேஸ்ஷ்பெட்ஸ்லே என்கிற நூடுல்ஸ் வயிற்றை நிரப்பும்.

மேசையில் கூடையில் பிரெட்சல் என்கிற முறுக்கு மாதிரி ரொட்டி இருக்கும். சும்மா கொடுத்தது என்று நினைத்து நானும் எஞ்சினியரும் நாலு தின்றோம். பில்லில் நாலும் இருந்தது. தண்ணீரும் அப்படித்தான், கேட்டால் பாட்டில் வரும், காசு. நோட்டும் சில்லறையும் கையில் வைத்திருங்கள், கார்டு வாங்காத இடங்கள் உண்டு. பில்லை மேசையிலேயே கொடுப்பார்கள், ஆளாளுக்குத் தனியாகவும் கணக்குப் போடுவார்கள். டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு வருவது வழக்கமில்லை. 27 யூரோ 40 என்றால் முப்பதை நீட்டி "ஷ்டிம்ட் ஸோ" என்று சொல்லுங்கள், மீதி அவருக்கு.

வெயில் காலத்தில் ஹாலை விட்டு திறந்தவெளி பியர்கார்டனுக்குப் போங்கள். பவேரியாவின் பழைய பியர்கார்டன்களில் குடிப்பதை மட்டும் அங்கே வாங்கினால் போதும், சோற்றை வீட்டிலிருந்து கொண்டுபோகலாம். 1812-ல் ராஜா போட்ட உத்தரவிலிருந்து வருகிற வழக்கம். துணி விரிக்காத மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். முனிச்சில் சீனக் கோபுரத்துக்குக் கீழே நாங்கள் புளிச்சோறும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போனோம். எதிரில் ஒரு தாத்தாவும் பாட்டியும் முள்ளங்கியை உப்புப் போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். ஊறுகாயைக் கொஞ்சம் நீட்டினேன். பாட்டி ஒரு துண்டு வாயில் போட்டு, கண்ணைச் சுருக்கி, கிளாஸைத் தூக்கிப் பாதியைக் குடித்தார். அப்புறம் இன்னொரு துண்டு கேட்டார்.