பீடி கேட்கும் நேரத்துக்கு ஒரு விளையாட்டு

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் விசைப்படகு வேலை எனக்கு. வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில்தான் பீடி அதிகம் போகும். கை சும்மா இருந்தால் அது பீடிக் கட்டைத் தேடும்.

பீடியை நிறுத்த வழி சொன்னது அக்கா மகன். "மாமா, நினைப்பு வந்ததும் இதை விளையாடுங்க" என்று போனில் டெட்ரிஸ் போட்டுக் கொடுத்தான். புகை ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். ஆசை வரும்போது மனசுக்குள் பீடியின் படமும் ஓடும். விழுகிற கட்டங்களை அடுக்கும்போது அந்தப் படத்துக்கு இடமில்லை. 2015-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவும் இதுதான்: 3 நிமிடம் டெட்ரிஸ் ஆடினால் ஆசையின் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

கடலில் சிக்னல் கிடைக்காது, அதனால் இணையம் இல்லாமல் ஓடும் விளையாட்டே வேண்டும். போனை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுங்கள். பணம் வைத்து ஆடும் ரம்மி மாதிரியானவை வேண்டவே வேண்டாம், அது இன்னொரு போதை.

முதல் வாரத் தலைவலிக்கும் எரிச்சலுக்கும் விளையாட்டு மட்டும் போதவில்லை. அப்புறம் புகையிலையை நிறுத்த உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசினேன். தமிழிலேயே ஆலோசனை சொன்னார்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் சும்மா இருக்கும் நாட்கள்தான் கடினம். அப்போது டீக்கடைக்குப் போனாலும் போன் கையிலேயே இருக்கட்டும்.