சேவல் நொண்டினால் முதலில் காலைத் திருப்பிப் பாருங்கள்

சேவல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் சென்னையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு வலி மாத்திரையைக் கரைத்து ஊற்றுவார்கள். இல்லையென்றால் "வாதம் வந்துடுச்சு" என்று எண்ணெய் காய்ச்சி, காலை நீவி விடுவார்கள். காலை ஒருமுறை திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. உள்ளங்காலில் முள் ஏறினாலும் சேவல் நொண்டும், எலும்பு முறிந்தாலும் நொண்டும், நரம்பை வைரஸ் தாக்கினாலும் நொண்டும். எது என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து, போகும் நாட்களை மட்டும் வீணாக்கும்.

வலி மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த மருந்து போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்றுதான் நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-இல் தடை வந்ததும் அதனால்தான். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் மருத்துவர் சொல்லாமல் சேவலுக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? பகலில் துரத்திப் பிடித்தால் இருக்கும் காயம் பெரிதாகும். இருட்டியதும் சேவல் அடங்கிவிடும். அப்போது ஒரு துண்டால் இறக்கைகளைச் சேர்த்துச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்க வேண்டாம். பெருவிடைச் சேவல் மாதிரி கனமான பறவைக்கு மூட்டு பிசகிவிடும். உள்ளங்காலில் ஆரம்பித்து விரலிடுக்கு, கணு, தொடை என்று மேலே வாருங்கள். பின்பக்கமாக மடங்குகிறதே, அதைத்தான் பலரும் முட்டி என்கிறார்கள். அது கணுக்கால் மூட்டு. முட்டி மேலே இறகுக்குள் மறைந்திருக்கும். மருத்துவரிடம் இடத்தைச் சரியாகச் சொல்ல இது உதவும். நல்ல காலையும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறது, எது தடித்திருக்கிறது என்று கையே சொல்லிவிடும்.

நம் ஊரில் முதலில் தேட வேண்டியது நூல். மாஞ்சாவுக்குத் தடை இருந்தாலும் அறுந்த காற்றாடி நூல் மொட்டைமாடியில் கிடக்கத்தான் செய்கிறது. கூடவே சாக்கு நூல், தலைமுடி. இவை விரலின் அடியில் சுற்றி, சதைக்குள் இறங்கி, மேலே தோல் மூடிக்கொள்ளும். வெளியே ஒரு மெல்லிய கோடுதான் தெரியும். அதற்கு முன்னால் இருக்கும் விரல் மட்டும் வீங்கி, நிறம் கறுத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கூர்முனைச் சின்னக் கத்தரியால் நூலின் எல்லாச் சுற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு சுற்று உள்ளே நின்றாலும் இரத்த ஓட்டம் திரும்பாது. விரல் முழுதும் கறுத்துக் காய்ந்திருந்தால் நீங்கள் வெட்டாதீர்கள், மருத்துவர் செய்யட்டும்.

சேவலை எப்போதும் ஒரே காலில் நைலான் கயிறால் கட்டிவைக்கும் பழக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அகலமான துணிப்பட்டை போட்டு, காலை மாற்றி மாற்றிக் கட்டுங்கள்.

அடுத்தது உள்ளங்கால் புண். கால் ஆணி என்று சொல்வார்கள். தண்ணீர்த் தொட்டி மேலிருந்தும் கைப்பிடிச் சுவரிலிருந்தும் சிமெண்டுத் தரையில் குதிக்கும் கனமான சேவலுக்கு உள்ளங்கால் தோல் நசுங்கி வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா உள்ளே போகும். நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் வீக்கம். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, பிளேடால் கீறிப் பிதுக்குவது. கோழியின் சீழ் நமக்கு வருவது போல வடியாது, பால்கட்டி மாதிரி கெட்டியாக இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வெளியே வராது, தொற்றுதான் எலும்புப் பக்கம் போகும். பொருக்கு சின்னதாக இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, துடைத்து, பெட்டடைன் தடவி, பஞ்சுத்துணி வைத்துக் கட்டுங்கள். கட்டைத் தினமும் பிரித்துப் பார்த்து மாற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இந்தக் கிருமி நமக்கும் ஒட்டும். வீக்கம் விரலிடுக்கில் பிதுங்கினாலோ, கணு வரை ஏறினாலோ வீட்டு வைத்தியம் போதாது.

கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, வெள்ளையாகப் பொரிந்து தெரிந்தால் அது செதிலுக்கு அடியில் குடியிருக்கும் உண்ணிப் பூச்சி. மண்ணெண்ணெயில் காலை முக்குவது பழைய வழக்கம், தோல் வெந்துபோகும். செதிலைப் பிய்க்கவும் கூடாது. தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடித்துப் பூசினால் பூச்சிகள் மூச்சடைத்துச் சாகும். சில வாரங்கள் விடாமல் பூச வேண்டும், கூட்டிலுள்ள எல்லாக் கோழிகளுக்கும் பூச வேண்டும். உட்காரும் கட்டையையும் சுத்தம் செய்யாவிட்டால் திரும்ப வரும்.

காலில் காயமோ வீக்கமோ எதுவும் இல்லை, ஆனால் சேவல் எழுந்து நிற்க முடியவில்லை என்றால் உடனே மற்ற கோழிகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். இந்த இடத்தில் தாமதிப்பதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு. மூன்று முதல் ஆறு மாத இளம் சேவல் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்தால், நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயான மாரெக்ஸைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த நாளில் போடும் தடுப்பூசிதான். பி-காம்ப்ளெக்ஸ் கொடுத்துக்கொண்டே வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அதற்குள் இறகுத் தூசி வழியாக மற்ற கோழிகளுக்குப் பரவிவிடும். கழுத்து முறுக்கிக்கொள்வது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, மூச்சிரைப்பு இவையும் சேர்ந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். குஞ்சுக்கு ஏழாவது நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்தக் கவலை இருக்காது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய சேவலை அன்றைக்கே பழைய கோழிகளோடு விடாதீர்கள். குறைந்தது மூன்று வாரம் தனியே இருக்கட்டும்.

தீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் அரிசியும் மீந்த சோறும் தின்று, வெயில் படாத பால்கனிக் கூண்டில் வளரும் இளம் சேவலுக்குக் கால் எலும்பு வளைவதில் ஆச்சரியமில்லை. அதற்கு நேர்மாறாக, முட்டைக்கோழித் தீனியையே சேவலுக்கும் போடுகிறார்கள். அதில் மூன்றரை சதவீதத்துக்கு மேல் கால்சியம் இருக்கும். சேவலுக்கு ஒரு சதவீதமே போதும். மிச்சம் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும்.

மருத்துவரிடம் போவதென்றால் வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. சேவலைப் பையில் திணித்து வண்டியில் தொங்கவிடாமல், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் கொண்டுபோங்கள். அது நடக்கும் விதத்தை முன்பே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பயந்த சேவல் நொண்டுவதை மறைத்துவிடும். வயது, தீனி, தடுப்பூசி போட்ட நாள், எச்சத்தின் நிறம் இவற்றைக் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்த பின் இன்னொரு சேவலோடு சேர்த்து விடாதீர்கள், கொத்தியே கொன்றுவிடும். உலர்ந்த உமி பரப்பி, தீனியும் தண்ணீரும் உட்கார்ந்தபடியே எட்டும் தூரத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உமி ஈரமானால் அன்றே மாற்றுங்கள். எழ முடியாத சேவலை நாளுக்குச் சில முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் நெஞ்செலும்பில் புண் வந்துவிடும். கால் தேறி நடக்க ஆரம்பித்ததும் உட்காரும் கட்டையை ஒன்றரை அடிக்கு இறக்கி, அது குதிக்கும் இடத்தில் மணலோ பழைய சாக்கோ போட்டுவிடுங்கள்.