கண்ணாடிப் போத்தலில் மெழுகுதிரி: வன்னி வெயிலுக்கு எந்த மெழுகு, எந்தத் திரி?

மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குக் கொண்டுபோகவென்று ஒருமுறை பன்னிரண்டு போத்தல் மெழுகுதிரி வார்த்தேன். விடியக் காலையில் கிளிநொச்சியில் வான் வண்டியில் ஏற்றும்போது வெண்ணெய் மாதிரி அழகாக உறைந்திருந்தன. மடுவில் இறக்கும்போது பன்னிரண்டிலும் எண்ணெய் தளும்பியது. திரிகள் ஒரு பக்கம் சாய்ந்து கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தன. மாமி ஒன்றைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதென்ன பிள்ளை, கொளுத்துறதோ, தலைக்கு வைக்கிறதோ?"

நான் பார்த்துச் செய்தது ஒரு வீடியோ. சோயா மெழுகு இரண்டு பங்கு, தேங்காய் எண்ணெய் ஒரு பங்கு. அதைச் சொன்னவர் இருந்தது குளிர் நாட்டில். தேங்காய் எண்ணெய் உருகுவது சுமார் 24 பாகை செல்சியசில். அவருடைய வீட்டு அறையில் அது கட்டியாக இருக்கும். நம்முடைய குசினியில் வருசத்தில் பெரும்பாலான நாள் அது எண்ணெயாகவே இருக்கும். சோயா மெழுகோடு சேர்த்தால் அதன் உருகுநிலையையும் கீழே இழுத்துவிடும். பிழை வார்த்த கையில் இல்லை, செய்முறை நம் ஊர் வெயிலுக்கு எழுதப்படவில்லை.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது: முதலில் வெயிலைப் பார்த்து மெழுகு, பிறகு போத்தல், கடைசியில் திரி. பலர் திரியைத்தான் முதலில் வாங்குவார்கள், மலிவு என்று நூறு துண்டுக் கட்டாக. என்னிடம் அப்படி ஒரு கட்டு இன்னும் கிடக்கிறது.

படி 1: மெழுகைத் தெரிந்துகொள்ளுங்கள்

பரஃபின். பெற்றோலியத்திலிருந்து வருவது. கடையில் வாங்கும் வெள்ளை மெழுகுதிரி பெரும்பாலும் இதுதான். 58/60 என்று குறித்து விற்பது 58 முதல் 60 பாகையில் உருகும். நம் வெயிலைத் தாங்கும். குறை என்னவென்றால், ஆறும்போது சுருங்கும். அச்சில் வார்க்கிறவருக்கு அது வசதி, மெழுகுதிரி தானாகக் கழன்று வரும். போத்தலில் வார்க்கிறவருக்கோ கண்ணாடியை விட்டு விலகி, நடுவில் குழி விழும்.

சோயா. சோயா எண்ணெயை ஐதரசனேற்றிக் கட்டியாக்கியது. போத்தலுக்கென்று விற்கும் வகைகள் பல 46 முதல் 50 பாகைக்குள் உருகிவிடும். கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும், மெதுவாக எரியும். ஆனால் நண்பகலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் வியர்க்கும், மேலே எண்ணெய் மணிகள் பூக்கும்.

தேன்மெழுகு. 62 முதல் 64 பாகை. வன்னியில் காட்டுத்தேன் எடுப்பவர்களிடம் பிழிந்த வதை மிஞ்சும், கேட்டுப் பாருங்கள். அப்படியே உருக்கி வார்க்க வேண்டாம். பழைய பானையில் தண்ணீர் விட்டு, வதையைப் போட்டு மெல்லிய சூட்டில் உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடித்து, இரவு முழுக்க ஆற விடுங்கள். காலையில் தண்ணீருக்கு மேல் அப்பம் போல ஒரு மஞ்சள் தட்டு மிதக்கும். அதைப் புரட்டினால் அடியில் கறுப்பாகச் சேறு மாதிரி ஒட்டியிருக்கும். கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு இன்னொரு தடவை உருக்கி வடியுங்கள். அந்தச் சேறு திரிக்குள் ஏறினால் சுடர் மூச்சுத் திணறி அணையும்.

தேங்காய் எண்ணெய். சமையலுக்கு நல்லது.

ஸ்டியரிக் அமிலம் என்ற வெள்ளைத் தூளையும் சிலர் சொல்வார்கள். பரஃபினைக் கெட்டியாக்கி வெண்மை கூட்டும், அச்சு மெழுகுதிரிக்கு ஏற்றது. போத்தலுக்கு வேண்டியது கண்ணாடியில் ஒட்டிப் பிடிப்பது, அதற்கு இது உதவாது. விட்டுவிடலாம்.

படி 2: கலவை

பல தடவை கொட்டிச் சிந்தியபின் எனக்குச் சரிவந்தது: 58/60 பரஃபின் 60 பங்கு, சோயா 30 பங்கு, தேன்மெழுகு 10 பங்கு. பரஃபின் வெயிலைத் தாங்கும், சோயா கண்ணாடியைப் பிடிக்கும், தேன்மெழுகு இறுக்கம் கொடுக்கும். சோயா கிடைக்காவிட்டால் பரஃபினோடு கொஞ்சம் வாசலின் சேர்த்து இளக்கலாம், நூற்றுக்கு ஐந்து பங்கிலிருந்து தொடங்குங்கள். அளவு கூடினால் மேற்பரப்பு பிசுபிசுக்கும்.

எவ்வளவு மெழுகு வேண்டும்? போத்தலைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, மெழுகு நிற்கவேண்டிய மட்டத்துக்குத் தண்ணீர் விடுங்கள். வரும் கிராமை 0.9 ஆல் பெருக்குங்கள். 200 கிராம் தண்ணீர் என்றால் 180 கிராம் மெழுகு: பரஃபின் 108, சோயா 54, தேன்மெழுகு 18. பிறகு போத்தலைச் சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் சுடர் படபடவென்று வெடிக்கும்.

முதலில் ஒரேயொரு சிறு போத்தல் வார்த்து, திரிகூட வைக்காமல், மதியம் ஒரு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே மூன்று மணித்தியாலம் வையுங்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் பூத்தால் சோயாவில் ஐந்து பங்கைக் குறைத்துப் பரஃபினில் கூட்டுங்கள். ஐப்பசி மழையில் சரியாக நின்ற கலவை சித்திரையில் கைவிடலாம். அதனால் இந்தச் சோதனையை வெயில் காலத்தில் இன்னொரு தடவை செய்யத்தான் வேண்டும்.

படி 3: போத்தல்

ஜாம் போத்தல் போதும். சூடான ஜாமை ஊற்றுவதற்கென்றே செய்த கண்ணாடி அது. கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வாய் குறுகிய போத்தல், மெல்லிய வைன் கிளாஸ் வேண்டாம். சிரட்டையில் வார்த்துப் படம் போடுகிறார்கள், பார்க்க வடிவுதான். ஆனால் சிரட்டை நாமே அடுப்பில் வைத்து எரிக்கிற விறகு. சுடர் கீழிறங்கும்போது ஓரமும் சேர்ந்து பற்றலாம்.

போத்தலின் உள் விட்டத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதிவையுங்கள். திரி தெரிவுக்கு வேண்டிய எண் அதுதான். உயரமோ மொத்தக் கொள்ளளவோ அல்ல.

படி 4: திரி

அம்மா தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கத் திரியை மெல்லியதாகத்தான் வைப்பார்களாம். மெழுகுதிரியின் கணக்கும் அதேதான். எரிவது திரி அல்ல, உருகிய மெழுகு திரி வழியே ஏறி ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. தடித்த திரி கூட மெழுகை ஏற்றும், சுடர் பெருத்துப் புகையும். மெல்லிய திரி குறைய ஏற்றும், தன்னைச் சுற்றி மட்டும் உருக்கிக் கிணறு தோண்டிக்கொண்டு கீழே போகும்.

சாமி விளக்குப் பஞ்சுத் திரியை வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். எண்ணெய் விளக்கில் அது ஓரத்தில் சாய்ந்து கிடக்கும், நாமும் இடைக்கிடை தூண்டிவிடுவோம். மெழுகுதிரித் திரி தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும், எரிந்த நுனி தானாக உதிர வேண்டும். 1825இல் பிரான்சில் கம்பசெரெஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். பின்னிய திரி எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போய்ச் சாம்பலாகிவிடும். அதற்கு முன்பெல்லாம் கரிந்த நுனியைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடையில் கிடைப்பவை மோட்டாக நான்கு. தட்டைப் பின்னல், அச்சு மெழுகுதிரிக்கு. சதுரப் பின்னல், தேன்மெழுகுக்கு. கடதாசி இழை சேர்த்த தட்டைப் பின்னல், ஈகோ, சீடி என்ற பெயர்களில் வருவது, போத்தலுக்கு நல்லது. நடுவில் நாகக் (துத்தநாகக்) கம்பி வைத்தது, அதுவும் போத்தலில் நிமிர்ந்து நிற்கும். கம்பித் திரி வாங்கினால் அந்தக் கம்பியை வெள்ளைக் கடதாசியில் தேயுங்கள். பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தால் ஈயமாக இருக்கலாம், எறிந்துவிடுங்கள். ஈயக் கம்பித் திரியை அமெரிக்கா 2003இல் தடைசெய்தது.

திரிகளுக்கு எண்கள் இருக்கும். ஒரே வகைக்குள் எண் கூடக் கூடத் தடிப்பும் கூடும். ஒரு வகையின் 8ஐ இன்னொரு வகையின் 8ஓடு ஒப்பிடக் கூடாது. விற்பவர் உங்கள் விட்டத்துக்கு ஓர் எண் சொல்வார். அதையும், அதற்குக் கீழே ஒன்றையும், மேலே ஒன்றையும், ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குங்கள். மொத்தம் ஆறு திரி. நூறு துண்டுக் கட்டு பிறகு.

படி 5: வார்ப்பது

மூன்று போத்தல், ஒரே கலவை, மூன்று திரி. திரியின் அடித் தகட்டைப் போத்தலின் நடுவில் ஒட்டி, மேல் நுனியை இரண்டு ஈர்க்குக்கு நடுவில் பிடித்து, ஈர்க்கைப் போத்தல் வாயில் படுக்க வையுங்கள். திரி நடுவில் நிற்காவிட்டால் ஒரு பக்கக் கண்ணாடி சுட்டு வெடிக்கலாம்.

மெழுகை நேரே அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீர் கொதிக்கும் சட்டிக்குள் பால்மா பேணியை இறக்கி, அதில் உருக்குங்கள். தேன்மெழுகு முதலில், பரஃபின் அடுத்து, சோயா கடைசி. அடுப்பை விட்டு எங்கும் போக வேண்டாம். தப்பித் தவறி நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுங்கள். மூடியை முதலே பக்கத்தில் வைத்திருங்கள்.

வாசனை எண்ணெய் வேண்டுமென்றால் 80 பாகை அளவில் ஊற்றி இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். 180 கிராமுக்கு 9 கிராம் போதும். ஆனால் முதல் சோதனையில் வாசனை வேண்டாம். அது சுடரின் குணத்தையே மாற்றும், திரியின் பிழையா வாசனையின் பிழையா என்று தெரியாமல் போகும். பிள்ளைகளின் மெழுகு வண்ணக்கட்டியை நிறத்துக்காகப் போடுகிறவர்களும் உண்டு. அந்த நிறத்தூள் திரியை அடைக்கும்.

65 முதல் 70 பாகைக்கு இறங்கியதும் மெதுவாக ஊற்றுங்கள், கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்துக்கொண்டு. ஆறியபின் திரியைச் சுற்றிக் குழி விழும், மிச்சத்தை உருக்கி அதை நிரப்புங்கள். மின்விசிறிக்குக் கீழே ஆற வைக்க வேண்டாம். கொளுத்துவதற்கு முன் இரண்டு நாளாவது விடுங்கள். சோயா கூடிய கலவை என்றால் ஒரு கிழமை.

படி 6: எரித்துப் பார்த்துத் தெரிவது

திரியை 6 மில்லிமீற்றருக்கு வெட்டுங்கள், இரண்டு நெருப்புக்குச்சித் தலையை ஒன்றன்மேல் ஒன்று வைத்த உயரம். மூன்றையும் காற்றில்லாத இடத்தில் ஒன்றாகக் கொளுத்துங்கள். சோழகம் வீசுகிற நாளில் யன்னலைச் சாத்த வேண்டும், காற்றில் எந்தத் திரியும் புகைக்கும். ஒரு கொப்பியில் மணிக்கு ஒருதடவை எழுதுங்கள்.

விட்டம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு மணித்தியாலம் என்பது பொதுக் கணக்கு. 65 மில்லிமீற்றர் போத்தல் என்றால் இரண்டரை மணித்தியாலத்தில் உருகிய குளம் ஓரத்தைத் தொட வேண்டும். குளத்தின் ஆழம் 6க்கும் 12 மில்லிமீற்றருக்கும் இடையில் இருந்தால் நல்லது. ஈர்க்கை நட்டு அளந்து பாருங்கள். நான்கு மணித்தியாலத்தில் அணைத்து, நன்றாக ஆறவிட்டு, திரியை வெட்டி மறுநாள் தொடருங்கள்.

இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். முதல் நாள் ஒரு மணித்தியாலத்தில் ஓரம் வரை உருக்கிய திரியைப் பார்த்து "இதுதான்" என்று மகிழ்ந்தேன். போத்தலின் பாதிக்குக் கீழே போனதும் சுடர் பெருத்து ஆடியது, கண்ணாடி கைவைக்க முடியாமல் சுட்டது, வாய் ஓரம் முழுக்கக் கரி. மேலே இருக்கும்போது சூடு வெளியே போய்விடும், கீழே போகப் போகப் போத்தலுக்குள் தங்கும். அதனால் முதல் நாள் ஓரத்தில் மெல்லிய வளையம் உருகாமல் நின்றால் பதற வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாள் அது தானே இறங்கும். இறங்காமல் கிணறு ஆழமானால்தான் திரி மெல்லியது.

திரி நுனியில் காளான் மாதிரிக் கரிக் கட்டி, ஆடும் சுடர், புகை, 12 மில்லிமீற்றரைத் தாண்டிய குளம்: ஓர் எண் இறங்குங்கள். குளத்தில் மூழ்கித் தத்தளிக்கும் சுடர்: ஓர் எண் ஏறுங்கள். தேன்மெழுகைக் கூட்டினால் திரியும் பெரும்பாலும் தடிக்க வேண்டிவரும், அது கெட்டி மெழுகு. கலவையில் எதை மாற்றினாலும் இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். அலுப்புத்தான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோது நான் இதைத் தொடங்கியதால், சோதனை என்று தனியாக எரிக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்தார்கள், நான் பக்கத்தில் இருந்து கொப்பியில் எழுதினேன்.

அடியில் ஒரு சென்ரிமீற்றர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே எரித்தால் அடிக் கண்ணாடி வெடிக்கலாம். ஆறிய போத்தலை வெந்நீர்ச் சட்டியில் நிறுத்தினால் மிச்ச மெழுகு இளகிக் கழன்றுவிடும். அதைப் பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாயில் ஊற்றாமல் கடதாசியில் வழித்து எடுங்கள். மண்ணெண்ணெய் அடுப்போ விறகடுப்போ, காலையில் மூட்ட அந்தக் கடதாசி போதும்.