பாலியில் டைவிங்கும் ஊர் சுற்றலும்: வரிசையை மாற்றியதும் சரியானது

நான் ஸ்கூபா டைவ் (காற்று உருளையோடு கடலடியில் நீந்துவது) செய்பவன், மனைவிக்கு அதில் விருப்பமில்லை. பாலி பயணத்தில் முதல் இரண்டு நாள் இதனாலேயே வீணானது.

முதல் நாள் துலம்பென் என்ற கடற்கரை ஊரில் காலையும் மதியமும் டைவ். அவள் அறையிலேயே இருந்தாள். நான் கரையேறியபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் டைவ், மதியம் கிந்தாமணி மலைப்பகுதி என்று மாற்றினோம். டைவ் கைடு தடுத்துவிட்டார். கிந்தாமணி கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். டைவ் செய்த உடம்பில் நைட்ரஜன் தங்கியிருக்கும்; மலை ஏறினால் காற்றழுத்தம் குறைந்து அது உடம்புக்குள் குமிழ்களாகப் பிரியலாம், அது ஆபத்து. டைவ் செய்தபின் விமானம் ஏறுவதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது தெரியும். காரில் மலைக்குப் போவதும் அதே கணக்கு என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அப்புறம் வரிசையைத் திருப்பினோம். மூன்றாம் நாள் டைவே இல்லை, மலைப்பக்கம் முழுவதையும் பார்த்து முடித்தோம். அடுத்த இரண்டு நாளும் காலை 6.30-க்கு துலம்பெனில் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி என்ற கப்பலைப் பார்க்க டைவ். 1942-ல் டார்பிடோவால் தாக்கப்பட்டுக் கரையில் கிடந்த கப்பல் அது. 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. கரையிலிருந்தே நீந்திப் போகலாம், படகு வேண்டாம். மேல்பகுதி ஆழமில்லாததால் மனைவியும் ஸ்நார்க்கல் (மூச்சுக் குழாய்) போட்டு நீர்ப்பரப்பில் மிதந்தபடி அதைப் பார்த்தாள். காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவோம். மாலையில் கடலோரமாகவே அமெட் உப்புக் களங்கள்.

தொடர்ந்து பல டைவ் செய்தால் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். அதனால் கடைசி நாள் டைவ் செய்யாமல், அதைக் கடலோரத்தில் இருக்கும் தானா லோட் கோயிலுக்கு வைத்துக்கொண்டோம்.