வாசலிலேயே படுத்துக்கொள்ளும் நாய்க்குட்டியை நடக்க வைத்த கதை

மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இரண்டு மாதம் இருக்கும். தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி. செருப்பைக் கவ்விக்கொண்டு அறை அறையாக ஓடுவாள். கயிற்றை மாட்டி வாசலுக்குக் கொண்டுபோனால் மட்டும் அரிசி மூட்டை போல் தரையோடு ஒட்டிக்கொள்வாள். "தெருவில் பிறந்ததற்குத் தெருவைக் கண்டால் பயமா?" என்று என் மாமியார் சிரித்தார். இரண்டு வாரம் இழுத்துப் பார்த்து, கெஞ்சிப் பார்த்துத் தோற்றபின் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் தடுப்பூசி. ஊசிகள் முடிந்துவிட்டன என்று மருத்துவர் சொல்லும்வரை, மற்ற நாய்கள் திரியும் இடத்தில் குட்டியைத் தரையில் விடாதீர்கள். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தவறு. குட்டி பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 14ஆம் வாரம் வரைதான் புதிய ஓசைகளையும் ஆட்களையும் அதிகம் அஞ்சாமல் ஏற்றுக்கொள்ளும். ஆகவே இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடை வரை போய்வாருங்கள். ஆட்டோ, குப்பை வண்டி, குடை, எல்லாவற்றையும் உங்கள் கையிலிருந்தபடியே பார்க்கட்டும்.

என்ன வாங்குவது?

கழுத்துப் பெல்ட்டை விட, மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸ் நல்லது. மார்புப் பக்கம் ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவில், தோள் அசைவைத் தடுக்காமல் இருக்க வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கயிறு துணிப்பட்டையாக, 5 அல்லது 6 அடி போதும். இரும்புச் சங்கிலி வேண்டாம்; அதன் எடையே குட்டியைக் கீழே அழுத்தும். இழுத்தால் கழுத்தை நெரிக்கும் சங்கிலியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தானாகச் சுருளும் கயிறும் எனக்குப் பிடிக்காது. அது எப்போதும் கொஞ்சம் விறைப்பாகவே இருப்பதால், கயிறு தளர்வதற்கும் இறுகுவதற்கும் உள்ள வேறுபாடு குட்டிக்குப் புரியாது. நாம் கற்றுக்கொடுக்கப் போவதே அந்த வேறுபாட்டைத்தான்.

வீட்டுக்குள்

மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஹார்னஸை மாட்டுங்கள். சாப்பிட்டதும் கழற்றிவிடுங்கள். பிறகு கயிற்றையும் கோத்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் இழுத்துத் திரியவிடுங்கள். தனியாக விட்டால் கட்டில் காலில் சிக்கிக்கொள்ளும். இந்தக் கட்டம் எங்களுக்கு எளிதாகவே முடிந்தது.

நான் மாட்டிக்கொண்ட இடம்

வாசலில் மிளகு படுத்ததும் நான் கயிற்றை இழுத்தேன். அவள் பின்னால் சாய்ந்தாள். உங்கள் கையை யாராவது திடீரென்று பிடித்து இழுத்தால் நீங்களும் காலை ஊன்றிப் பின்னால்தான் சாய்வீர்கள், நாயும் அப்படித்தான். சரி, இழுக்க வேண்டாம் என்று வேகவைத்த கோழித் துண்டை மூக்கருகே நீட்டினேன். தின்றாள். எழவில்லை. இன்னொன்று கொடுத்தேன். நான்காம் நாள் வாசலைத் தாண்டுமுன்பே படுத்துக்கொண்டு என் கையைப் பார்த்தாள். படுத்தால் கோழி கிடைக்கும் என்று நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்!

சரியான முறை இதற்கு நேர்மாறானது. குட்டி நின்றுவிட்டால் நீங்களும் நில்லுங்கள். கயிறு தொய்வாகத் தொங்கட்டும். குட்டியை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக் குனிந்துகொள்ளுங்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகலாம். உங்கள் பக்கம் ஓர் அடி வைத்த அந்தக் கணமே "சபாஷ்" சொல்லி, துண்டை உங்கள் கணுக்கால் அருகே வைத்துக் கொடுங்கள். பாராட்டு முதலில், தீனி பிறகு. துண்டு பட்டாணி அளவு போதும். உப்பு, மசாலா கூடாது.

இத்தனைக்குப் பிறகும் மிளகு வாசலைத் தாண்டவில்லை. ஒரு நாள் அலுத்துப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கேட் வரை போய் இறக்கிவிட்டேன். வாலைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டை நோக்கி நடந்தாள், கயிறு தளர்வாகவே இருந்தது! வீட்டை விட்டுப் போவதுதான் அவளுக்குப் பயம். வீடு திரும்புவதில் இல்லை. மறுநாள் மின்கம்பம் வரை தூக்கிப்போனேன், அதற்கடுத்து இஸ்திரி வண்டி வரை. எப்போதும் திரும்பி வருவது மட்டும் நடை. எட்டாம் நாள் இஸ்திரி வண்டியருகே இறக்கியபோது, வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்த்திசையில் எதையோ மோந்துகொண்டு போனாள். அன்றிலிருந்து தூக்க வேண்டியிருக்கவில்லை.

தொடக்கத்தில் 5 நிமிடம் போதும். மோந்து பார்க்க நிறைய நேரம் கொடுங்கள். எங்கள் மதுரை வெயிலுக்குக் காலை ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. புறங்கையைத் தார்ச்சாலையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவரின் சிப்பிப்பாறைக் குட்டி பின்வாங்கியே பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓடியதாம். அந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், கழுத்தோ நீளம். சாதாரணப் பெல்ட் நழுவிவிடும். இழுக்கும்போது ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பெல்ட்டை அவருக்குச் சொன்னேன். ஹார்னஸ் என்றால் இடுப்பருகே இன்னொரு பட்டையும் உள்ளதாகப் பாருங்கள்.

இன்னொருவரின் குட்டி நன்றாக நடந்துகொண்டிருந்து திடீரென்று மறுத்திருக்கிறது. விரலிடுக்கில் உண்ணி. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்: நேற்று நடந்த குட்டி இன்று உட்கார்ந்தால், பயிற்சியை விட்டுவிட்டுப் பாதங்களைப் பாருங்கள். நொண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிளகுக்கு இப்போது ஒன்பது மாதம். தார்ப்பாய் போர்த்திய காரைக் கண்டால் மட்டும் இன்னும் நின்றுவிடுகிறாள். நாங்கள் எதிர்ப்பக்கமாகப் போய்விடுகிறோம்.