மலையகத்தில் உயர்தரம் (ஏ.எல்) படிக்கப் பாடசாலைகளை ஒப்பிடுவது எப்படி?

ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வந்ததும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் பெற்றோர் கேட்பது, "எந்த ஸ்கூல் நல்லது?" எந்தப் பிரிவுக்கு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கலைக்குப் பேர்போன பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாமல் இருக்கலாம்.

1. முதலில் பாடசாலையின் வகையைப் பாருங்கள். விஞ்ஞானப் பிரிவு 1ஏபி பாடசாலையில்தான் உண்டு; 1சியில் கலை, வர்த்தகம் மட்டும்; வகை 2 தரம் 11உடன் முடிந்துவிடும். தேசிய பாடசாலை என்றால் மத்திய கல்வி அமைச்சின் கீழ் இயங்குகிறது, அவ்வளவுதான். அது கற்பித்தலுக்கான சான்றிதழ் இல்லை.

2. அடுத்தது பெறுபேறு. கேற்றில் தொங்கும் பேனரில் 3ஏ எடுத்தவரின் படம் இருக்கும், பரீட்சைக்குத் தோற்றியவர் தொகை இருக்காது. பிரிவுவாரியாக மூன்று வருடக் கணக்கைக் கேளுங்கள். 12 பேர் தோற்றி 9 பேர் மூன்று பாடமும் சித்தி என்றால் 75 வீதம். 120 பேரில் 78 என்றால் 65 வீதம். முதலாவது மேல் என்று முடிவுகட்ட வேண்டாம். அங்கே ஒரு பிள்ளை தவறினாலே 8 வீதம் இறங்கிவிடும். அதே வகுப்பில் தரம் 12இல் 30 பேர் சேர்ந்திருந்தால் உண்மைக் கணக்கு 30க்கு 9. மீதி 18 பேர் பிரிவு மாறினார்களா, இடைவிலகினார்களா? மூன்று 'எஸ்' (சாதாரண சித்தி) எடுத்தாலும் சித்திதான் என்பதால் 'சி'யும் (திறமைச் சித்தி) அதற்கு மேலும் எடுத்தவர்களைத் தனியாக எண்ணுங்கள்.

பல்கலைக்கழக அனுமதித் தொகையை வைத்துக் கண்டிப் பாடசாலையை நுவரெலியாப் பாடசாலையோடு ஒப்பிடாதீர்கள். வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. நுவரெலியா, பதுளை இரண்டுக்கும் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் உண்டு.

3. நேரசூசியைக் காட்டச் சொல்லுங்கள். இணைந்த கணிதம், இரசாயனவியல், பௌதிகவியலுக்குத் தமிழ்மொழி மூல ஆசிரியர் இருக்கிறாரா, நிரந்தரமா, வேறு பாடசாலையிலிருந்து தற்காலிக இணைப்பில் வந்தவரா? இணைப்பில் வந்தவர் தவணை நடுவிலும் போய்விடலாம். அப்புறம் ரியூசன் செலவு உங்கள் தலையில்.

4. தோட்டத்திலிருந்து காலை 7.30க்கு முன் போய்ச்சேர பஸ் இருக்கிறதா?

5. எண்கள் அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் இருக்கும். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வலயத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பெயர் கேட்காதீர்கள், அதைக் காட்டி நிராகரிப்பார்கள். வருடம், பிரிவு, சேர்ந்தவர், தோற்றியவர், சித்தியடைந்தவர் என்று தொகை மட்டும் கேளுங்கள்.